கனவான் வீட்டு மரங்களும் புஷ்பம் அக்காவின் ஒழுங்கையும்

பழைய வரைபடம் விற்கும் தொழிலில் ஒன்று மட்டும் நிச்சயம்: கடைக்குள் வருகிற யாரும் வரைபடத்தைப் பார்க்க வருவதில்லை, தங்கள் வீட்டைத் தேடித்தான் வருகிறார்கள். கடை மேசைக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களே, "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லி இருக்கிற எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பியவர்களே, கிட்ட வந்து இருங்கள். உங்கள் துன்பம் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் வேலை செய்யும் கடை லண்டன் நடுவில் ஒரு சந்துக்குள், முதலாம் மாடியில் இருக்கிறது. முதலாளி றொஜர். எழுபது வயது, ஒரே ஒரு கம்பளிச் சட்டை, உலகத்தில் உள்ள எல்லாரிடமும் ஒரு சின்னக் கோபம். அவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வந்தவள் நான். வந்த கிழமையே கடையில் நிற்கவும் ஆளில்லை என்று தெரிந்தது, இன்றுவரை நிற்கிறேன். நாங்கள் விற்பவை பெரும்பாலும் இங்கிலாந்தின் பழைய கவுண்டி வரைபடங்கள். கவுண்டி என்பது நம்முடைய மாவட்டம் மாதிரி. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு நில அளவையாளர் ஒரு பெரிய சக்கரத்தை றோட்டு றோட்டாகத் தள்ளி, தேவாலயக் கோபுரம் கண்டால் ஏறி, ஒரு கவுண்டி முழுவதையும் அளந்திருப்பார். ஒரு மைல் ஒரு அங்குலம் என்று பல தாள்களில் அச்சடித்திருப்பார். எல்லாத் தாளையும் ஒட்டினால் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவர் போதாது.

வெம்பிளியில் ஒரு மாட்டுப்பட்டி

ஒரு சனிக்கிழமை வெம்பிளியிலிருந்து ஒரு அண்ணை வந்தார். வீடு வாங்கி விற்கும் தொழில். கோட்டு, சப்பாத்து, வாசனை எல்லாம் அவருக்கு முன்னால் படியேறி வந்தன. புதிதாக வாங்கிய தன் வீட்டு மண்டபத்தில் மாட்ட, அந்த வீடு இருக்கிற பழைய வரைபடம் ஒன்று வேண்டுமாம். நான் மிடில்செக்ஸ் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். வெம்பிளி இருந்தது. ஒரு சின்ன மேடு, நாலைந்து பண்ணைகள், சுற்றிவர வெறும் வயல்.

அண்ணை மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். இப்போதைய வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, அவருடைய வீடு நிற்க வேண்டிய இடத்தில் நான் விரலை வைத்தேன். அங்கே ஒரு பண்ணையின் பின்பக்கம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, அப்ப இவ்வளவு காசையும் கொட்டி நான் ஒரு மாட்டுப்பட்டியையோ வாங்கி வைச்சிருக்கிறன்?"

விசிறியில் பெயர்

இந்த நில அளவையாளர்களுக்கு அரசாங்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. கவுண்டி முழுவதும் அளக்க வருஷக்கணக்காகும். ஆகவே அவர்கள் பெரிய வீடு பெரிய வீடாகக் கதவைத் தட்டி முன்கூட்டியே சந்தா சேர்த்தார்கள். சந்தா கட்டிய கனவானின் வீடு வரைபடத்தில் சோலையும் மரமுமாக ஜொலிக்கும். பக்கத்தில் அவருடைய பெயரும் இருக்கும். கட்டாதவருடைய வீடு ஒரு கறுப்புப் பொட்டு. வீடு கைமாறினால், அச்சடிக்கிற செப்புத் தகட்டைப் பின்பக்கமாகத் தட்டிப் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை வெட்டுவார்களாம். றொஜர் இதையெல்லாம் ஏதோ பெரிய தத்துவம் மாதிரி ஒரு பின்னேரம் முழுக்க விளக்கினார். எனக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. கோயில் ரியூப் லைற்றில் "உபயம்" என்று எழுதி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

சொன்னால் அவர் நம்பவில்லை. அடுத்த தேர்த் திருவிழாவுக்கு எங்கள் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு, சுவரில் உள்ள பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடிகாரத்தில் பெயர், உண்டியலில் பெயர், செருப்பு வைக்கிற தட்டிலும் பெயர். மடப்பள்ளிப் பக்கம் கூரை விசிறியின் இறகில் ஒரு குடும்பத்தின் பெயர் முழுவதும் இருந்தது. றொஜர் தலையை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "சுற்றும்போது பெயர் தெரியவில்லையே, பணம் கொடுத்தவர் சண்டைக்கு வரமாட்டாரா?"

சோபாவுக்குப் பொருத்தமான கவுண்டி

பணக்கார வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் எங்களிடம் அடிக்கடி வருவார். பெயர் பிலிப்பா. வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. துணிக்கடைக்கு வருகிற மாதிரி கையில் சோபாவுக்குப் போடுகிற ஒரு துண்டுச் சீலையோடு வருவார், அதை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை, ஒரு தாளை இரண்டு அங்குலம் வெட்டினால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சரியாக இருக்கும் என்றார். றொஜர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார்.

அன்றைக்கு எசெக்ஸ், கென்ற், ஹார்ட்ஃபட்ஷயர் எல்லாம் விரித்துக் காட்டினேன். மேசையிலும் தரையிலும் கதிரையிலும் கவுண்டிகள். பிலிப்பா உதட்டைப் பிதுக்கி, கையிலிருந்த சீலைத் துண்டைத் தடவியபடி கேட்டார்: "எல்லாமே பச்சையாக இருக்கிறதே, நீலத்தில் ஒரு கவுண்டி இல்லையா?"

வடை செய்த வேலை

இனி வருவதுதான் என் வயிற்றெரிச்சல். நான் இருப்பது தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கின சந்து, உண்டு. அது மரம் அறுத்து விற்ற ஒரு பழைய மரக்காலையின் முற்றத்துக்குள்ளால் போய், அந்தப் பக்கம் டிராம் தரிப்பிடத்தில் ஏறும். என் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா வருஷக்கணக்காக அந்த வழியால்தான் விடியற்காலை ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குப் போய் வந்தார். மரக்காலையை ஒரு கம்பனி வாங்கியது. மாடி வீடு கட்டப் போகிறார்களாம். ஒரு திங்கட்கிழமை ஒழுங்கைக்குக் குறுக்கே ஆளுயர இரும்புக் கேற்.

பெரிய றோட்டால் சுற்றிப் போனால் தூரம் மூன்று மடங்கு. புஷ்பம் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. டிராம் தவறியது, வேலைக்குப் பிந்தியது, மேற்பார்வையாளர் எச்சரிக்கை கொடுத்தார். காலை ஷிப்ட் போனால் அவருக்கு வேறு ஷிப்ட் ஏலாது, பின்னேரம் படுக்கையில் கிடக்கிற புருஷனைப் பார்க்க வேறு ஆளில்லை. ஒரு நாள் பனியும் மழையும் சேர்ந்து அடிக்கையில், அவர் மதில்களைப் பிடித்துப் பிடித்து நடந்துபோவதை என் ஜன்னலால் கண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணி இறங்கவில்லை.

தெருவே சேர்ந்து கவுன்சிலுக்கு எழுதினோம். வழிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, ஒரு மெலிந்த இளம்பெண், தேவாலய மண்டபத்தில் எங்களையும் கம்பனி ஆட்களையும் கூட்டிச் சட்டத்தை விளக்கினார். சனங்கள் ஒரு வழியை நெடுங்காலம் பாவித்தால் அது பொதுவழி ஆகலாம். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கக் கூடாது. அனுமதி வாங்கிப் போனால் அது தயவு, உரிமை இல்லை. இதைக் கேட்டதும் எங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். ஏனென்றால் எங்கள் தெருச் சனம் தங்கள் வாக்குமூலங்களில் எவ்வளவு மரியாதையாக நடந்தோம் என்று போட்டி போட்டு எழுதியிருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் மரக்காலைக் காவற்காரர் டெனிஸுக்கு ஒரு தட்டு. தீபாவளிக்கு வடை. கொடுக்கிறபோதெல்லாம் "நாங்கள் இதால போகட்டோ?" என்று ஒரு கேள்வி. அவரும் வாய் நிறைய வடையோடு "தாராளமாகப் போங்கள்" என்பாராம்.

கம்பனியின் சட்டத்தரணி அதை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். கேசரி, மோதகம், உழுந்து வடை எல்லாம் அவர் வாயில் பட்டபாடு சொல்லி மாளாது. களவாக வேலி பாய்ந்து போயிருந்தால் கூட எங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் பேசலாம் போலிருந்தது. இந்த நாட்டுச் சட்டம் மரியாதை தெரியாதவனுக்குத்தான் வழி விடும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். அதிகாரி பாவம், மெதுவாகப் புஷ்பம் அக்காவிடம் கேட்டார், நிச்சயமாக அனுமதி கேட்டீர்களா, சும்மா தலையாட்டிவிட்டுப் போகவில்லையா என்று. நான் மொழிபெயர்த்தேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது: "என்ன கதை இது பிள்ளை, ஒருத்தற்றை வாசலால போகேக்க ஒரு வார்த்தை கேக்காமல் போறதுக்கு நாங்கள் என்ன ஆடு மாடோ?"

கனவான் வீட்டு மரங்கள்

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது அதிகாரி இன்னொன்றும் சொன்னார். அந்த ஒழுங்கை ஆதிகாலத்திலிருந்தே பொதுவழி என்று காட்ட முடிந்தால் வடை, பொங்கல் எதுவும் அதைக் கெடுக்காது. அப்படிக் காட்டப் பழைய வரைபடங்கள் உதவும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த நாள் கடை திறக்கமுன் போய் சறே கவுண்டியின் வரைபடத்தை இழுத்து விரித்தேன். மிச்சம் அப்போது சறேயைச் சேர்ந்தது. எங்கள் ஒழுங்கை இருந்தது! வளைவு, நெளிவு, எல்லாம் அப்படியே. நான் போட்ட கூச்சலில் றொஜர் தேத்தண்ணியைக் கம்பளிச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

பிறகுதான் பார்த்தேன், ஒழுங்கை ஒரு பெரிய வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வழி இல்லை. வீட்டைச் சுற்றி அழகழகாய் மரங்கள், பக்கத்தில் ஒரு கனவானின் பெயர். சந்தா கட்டியவர். சட்டத்தரணி இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்: இது கனவானின் சொந்த வண்டிப்பாதை, உங்கள் ஒழுங்கை அல்ல. பின்னர் கூட்டத்தில் சொன்னார், அப்படியே சொன்னார். செத்து மண்ணாகிப் போன அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்த காலத்தில் வீடு முழுவதும் மரம் நட்டது போதாதென்று, இப்போது புஷ்பம் அக்காவின் முழங்காலிலும் ஏறி உட்கார்ந்துவிட்டார். றொஜர் உருப்பெருக்கியை வைத்து அந்த வீட்டைப் பார்த்தார். மரங்களை எண்ணுகிறார் போலிருந்தது. கடைசியில் நிமிர்ந்து சொன்னார்: "நில அளவையாளர் அன்றைக்கு இங்கேதான் சாப்பிட்டிருக்கிறார், இறைச்சி நன்றாக வெந்திருக்கும்."

மிச்சம் குளிக்கிறது

இரண்டு நாள் கழித்து றொஜருக்கு ஞாபகம் வந்தது. இதே கவுண்டியை, பின்னாளில், இன்னொரு நில அளவையாளரும் தனியாக அளந்திருக்கிறார். முதலாமவருக்குப் போட்டி. அந்த வரைபடம் எங்கள் கடையிலேயே இருந்தது. மேசை லாச்சியைத் திறந்தோம். மற்றத் தாள்கள் எல்லாம் இருந்தன, எங்கள் மிச்சம் பகுதி உள்ள தாளை மட்டும் காணவில்லை. நான் லீவில் நின்ற நாளில் றொஜர் அதைத் தனியாக விற்றுவிட்டார். யாருக்கு என்று கேட்டேன். அவர் ஜன்னலால் வெளியே பார்த்தார். அந்தத் தாளின் விளிம்புக்கு நீலம் தீட்டியிருந்ததாம்.

பிலிப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தன் வாடிக்கையாளர் வீட்டு விலாசத்தைத் தந்தார். வடக்கு லண்டனில் மாளிகை மாதிரி ஒரு வீடு. நரைத்த தலையோடு ஒரு வங்கிக்காரர் கதவைத் திறந்து, என்னையும் என் கையிலிருந்த கமராவையும் மாறி மாறிப் பார்த்து, மேலே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் மிச்சம் அவருடைய குளியல் தொட்டிக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. ஆவியில் தாளுக்கு என்ன ஆகும் என்று றொஜருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. தொட்டிக்குள் காலுறையோடு ஏறி நின்று, சட்டக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன்.

அந்தக் கனவானின் வீடு ஒரு கறுப்புப் பொட்டு! மரமில்லை, பெயரில்லை, ஒரு புல்கூட இல்லை. இரண்டாவது ஆளுக்கு மனிதர் சந்தா கட்டவில்லை. ஒழுங்கை அந்தப் பொட்டைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் போய், ஆற்றோரத்து ஆலையைத் தொட்டு, அந்தப் பக்கத்துப் பெரிய றோட்டில் ஏறியது. ஊர்ச்சனம் மாவரைக்கப் போன வழி. முதலாவது ஆள் கனவானின் மனம் குளிர அதை வாசலோடு வெட்டி, மீதி இடத்தில் மரம் நட்டிருக்கிறார். நான் தொட்டிக்குள் நின்று அழுதுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏன் அழுகிறேன் என்று வங்கிக்காரர் கேட்டார். ஒழுங்கையையும் வடையையும் முழங்காலையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கமராவுக்கு வெளிச்சம் காணாதென்று மேசை விளக்கையும் தூக்கிப் பிடித்தார். போகும்போது கையைக் குலுக்கிச் சொன்னார்: "கேற் திறந்தால் எனக்கும் சொல்லுங்கள், இனிக் குளிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க ஒரு விஷயம் இருக்கும்."

தவறில் தெரிவது

அடுத்த கூட்டத்தில் சட்டத்தரணி லேசில் விடவில்லை. இரண்டாவது வரைபடம் முதலாவதைப் பார்த்து எழுதிய பிரதி, கவனமில்லாமல் கோடு நீண்டுவிட்டது என்றார். அந்தக் கூட்டத்துக்கு றொஜரும் வந்திருந்தார், அதே கம்பளிச் சட்டை, தேத்தண்ணிக் கறையோடு. இந்தத் தொழிலில் பிரதியைப் பிடிப்பது பரீட்சையில் பிள்ளைகளைப் பிடிக்கிற மாதிரித்தான் என்று அவர் எழும்பி விளக்கினார். சரியான விடை இரண்டு பேரிடமும் இருக்கலாம், ஒரே பிழை இருந்தால்தான் பார்த்தெழுதியது. முதலாவது வரைபடத்தில் தேவாலயம் றோட்டின் பிழையான பக்கத்தில் நின்றது. இரண்டாவதில் சரியான பக்கத்தில் நின்றது. நாங்கள் அப்போது கூடியிருந்ததும் அதே தேவாலயத்தின் மண்டபத்தில்தான், ஜன்னலால் எட்டிப் பார்த்தால் போதும்.

வழி போகும் திசை தெரிந்த பிறகு அதிகாரி தன் பங்குக்கு வேறு பழைய பதிவுகளையும் தேடி எடுத்தார். அவற்றிலும் ஆலைக்குப் போகும் வழி இருந்தது. இதெல்லாம் முடிய இரண்டு மாரிகாலம் போனது. அதுவரை புஷ்பம் அக்கா சுற்றித்தான் நடந்தார், இன்னும் முந்தி எழும்பி. பிந்தாமல் போய்ச் சேர்ந்ததால் ஷிப்ட் தப்பியது, முழங்கால்தான் மேலும் கெட்டது. கடைசியில் கம்பனி எதிர்ப்பைக் கைவிட்டது, கேற் கழன்றது. கவுன்சிலின் புது வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை ஒரு மெல்லிய கோடாக ஏறியது. அதிகாரி அதன் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, புஷ்பம் அக்கா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு சின்னக் கோட்டுக்கோ பிள்ளை, நான் இவ்வளவு காலமும் சுத்தி நடந்தனான்?"

மறுபடியும் வடை

போன தைப்பொங்கலன்று காலையில் புஷ்பம் அக்கா மூடிய தட்டு ஒன்றோடு ஒழுங்கைப் பக்கம் போவதைக் கண்டேன். கட்டிட வேலை நடக்கிற இடத்தில் இப்போது ஒரு புதுக் காவற்காரர் நிற்கிறார், இளம் பெடியன். வரைபடத்தில் ஏறிய வழியை இனி வடை கெடுக்காது என்று தெரிந்தும் பழைய பயம் வந்தது. செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேரமுன் தட்டு கைமாறிவிட்டது. பெடியன் வடையைக் கடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான், அக்கா டிராம் தரிப்பிடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். பிடித்து நிறுத்தி மூச்சு வாங்கக் கேட்டேன், "அக்கா, போகட்டோ எண்டு அவனைக் கேட்டனீங்களோ?"

அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றினார். டிராம் வருகிற சத்தம் கேட்டது. முழங்காலை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்: "எனக்கென்ன விசரோ, வடையைக் குடுத்தனான், போறன் எண்டு சொன்னனான், கேக்கேல்லை."

எப்போதோ ஒரு கனவான் சந்தா கட்ட மறுத்ததால் இன்று புஷ்பம் அக்கா நேரத்துக்கு டிராம் பிடிக்கிறார், இதைவிடப் பெரிய உபயத்தை எந்தக் கோயில் விசிறியிலும் நான் வாசித்ததில்லை.